குண்டலுபேட்டையில் சாப்பிட்ட புளியோதரை

சரஸ்வதிபுரம், மைசூர்
26-9-1999, ஞாயிறு

சிரஞ்சீவி ஸ்ரீஹர்ஷாவுக்கு அப்பா செலுவநாராயணன் அநேக ஆசீர்வாதம். சௌபாக்கியவதி பல்லவிக்கும் குழந்தை தாரணிக்கும் அப்படியே.

மேலுகோட்டைச் செல்லப்பிள்ளைப் பெருமாளின் கிருபையில் இவ்விடம் எல்லோரும் க்ஷேமம். இந்த வரியைப் படித்ததும் நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரி. ஒன்பது வருஷமாக மாதம் இரண்டு ஏரோகிராமில் இதே வரியை எழுதி வந்திருக்கிறேன், ஒரு தடவைகூட நீ மறுத்துக் கேட்டதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவிலிருந்து போன் பண்ணி, சௌக்கியமா என்றுகூட விசாரிக்காமல், “அப்பா, குண்டலுபேட்டைல சாப்ட்ட புளியோதரை எப்படி இருந்தது?” என்று கேட்டாயே. நான் எழுதின கடிதத்தில் குண்டலுபேட்டையும் கிடையாது, புளியோதரையும் கிடையாது. அப்புறம் நீ அந்தப் பெண்ணின் இன்டர்நெட் டைரியை ஒவ்வொரு பக்கமாக வாசித்துக் காட்டி, நவம்பரில் டிக்கெட் போட்டு வருகிறேன், வந்ததும் உன்னைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன், ஆபரேஷன் பண்ணாமல் திரும்ப மாட்டேன் என்று உத்தரவு போட்டாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். ஏரோகிராமில் இடம் போதாது என்று கவரில் அனுப்புகிறேன்.

கையெழுத்து அம்மாவுடையதாக இருக்கிறதே என்று பார்க்காதே. என் வலது கட்டைவிரலில் நகச்சுற்று, எலுமிச்சம்பழத்தைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். சொன்னதை அப்படியே எழுது, கூட்டாதே குறைக்காதே, உன் சொந்தச் சரக்கு எதுவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். எழுதிண்டயா? சரி, மேல சொல்றேன்.

முதலில் அந்தப் பெண். பெயர் மரிசெல், வயது இருபத்து நாலு, பிலிப்பைன்ஸ் தேசத்தில் இலோயிலோ என்கிற ஊர். இங்கே உணவு ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் ஒரு வருஷப் பயிற்சிக்கு வந்து, ஜூன் மாதத்திலிருந்து நம் மாடி அறையில் குடியிருக்கிறாள். மாங்காயை எப்படிக் காயவைப்பது என்று ஆராய்ச்சியாம். வெயிலில் வைத்தால் காயப்போகிறது, இதற்கு ஒரு வருஷம் எதற்கு என்று கேட்டேன், சிரித்தாள். வந்த அன்றைக்கே என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். ஜுரம் பார்க்கச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று நானும் புறங்கையை அழுத்தி வைத்துப் பார்த்து, ஒன்றும் இல்லையம்மா, மிளகுச் சாத்தமுது சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர்கள் ஊரில் பெரியவர்களைச் சேவிக்கிறது அப்படித்தானாம். மூன்று வேளையும் சாதம் சாப்பிடுகிறாள், காலையிலும் சாதம்தான், அதனால் உன் அம்மாவுக்கு அவள் பெற்ற பெண் மாதிரி ஆகிவிட்டாள். மீன் இல்லாமல் எப்படி இருக்கிறாய் என்று ஒரு நாள் கேட்டேன், அதை வெளியில் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மேற்கொண்டு நான் விசாரிக்கவில்லை.

அவர்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சர்ச்சுக்குப் போய்விட்டு, சாதம் கட்டிக்கொண்டு, குடும்பமாக எங்கேயாவது போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்களாம். இங்கேயும் சர்ச்சிலிருந்து வந்ததும் நேரே சமையலறை வாசலில் நின்று, “மாமா, இன்னிக்கு எங்கே?” என்பாள், அந்த மூன்று வார்த்தையும் அம்மா சொல்லிக்கொடுத்தது. நீ போனதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் எங்கே போனோம்? ரேஷன் கடைக்கும் பாங்கிக்கும் போனோம். இப்போது ஜூலையிலிருந்து ஒரு ஞாயிறு விடாமல் புறப்படுகிறோம், உன் அம்மா தளிகையை எட்டு மணிக்கே முடித்துவிடுகிறாள், எனக்கும் அது நன்றாகத்தான் இருக்கிறது. கஷ்டம் என்னவென்றால், திங்கட்கிழமை அவள் ஆராய்ச்சி நிலையத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் இங்கிலீஷில் எழுதி, போட்டோவோடு இன்டர்நெட்டில் போட்டுவிடுகிறாள். டைரி என்றால் பீரோவில் வைத்துப் பூட்டுகிற சாமான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவள் டைரியைப் படிப்பது யார் என்றால், கப்பலில் வேலை பார்க்கும் அப்பா, சவூதியில் நர்ஸாக இருக்கும் அக்கா, ஹாங்காங்கில் அண்ணா, ஊரில் அம்மா. அதோடு நிறுத்தியிருக்கலாம், நல்ல எண்ணத்தில் உனக்கும் விலாசத்தை அனுப்பிவிட்டாள். போன் வந்த அன்றைக்கு அவளைக் கூப்பிட்டு, நாங்கள் க்ஷேமம் என்று ஒரு வரி எழுதினால் போதாதா அம்மா என்று கேட்டேன். அவள் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் அப்படியே சொல்கிறேன்: “எங்க வீட்ல நல்லா இருக்கேன்னு மட்டும் எழுதினா அம்மா அழுவாங்க மாமா. எதையோ மறைக்கிறேன்னு அர்த்தம்.” நான் போய்க் காபி குடித்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குண்டலுபேட்டை. நாங்கள் மேலுகோட்டைக்குத்தான் புறப்பட்டோம், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். பஸ் ஸ்டாண்டில் மேலுகோட்டை பஸ் எப்போதும் நிற்கிற இடத்தில் ஒரு பஸ் நின்றது, நான் போர்டைப் பார்த்தேன், ஏறினேன், பின்னாலேயே அந்தப் பெண், அதற்குப் பின்னால் தூக்கோடு உன் அம்மா. இடத்தை மாற்றிவிட்டு எனக்குத் தந்தியா கொடுத்தார்கள்? ஊர் தாண்டினதற்கப்புறம் கண்டக்டர் வந்து, இது குண்டலுபேட்டே பஸ் ஸ்வாமி, நஞ்சன்கூடில் இறங்கித் திரும்பிப் போங்கள் என்றான். நான் கொஞ்சமும் பதறவில்லை. தெரியும், மூன்று குண்டலுபேட்டை கொடு என்றேன். தெரியாமல் ஏறினவன் அப்படிக் கேட்பானா, நீயே சொல். மாமி அதற்கப்புறம் வழி பூராவும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள் என்று டைரியில் எழுதியிருக்கிறாளாம், ஜன்னல் எதற்கு இருக்கிறது, பார்ப்பதற்குத்தானே. குண்டலுபேட்டையிலும் விஜயநாராயணர் கோயில் இருக்கிறது, நடை சாத்தியிருந்ததால் வெளியிலிருந்தே சேவித்தோம், அங்கே இருப்பவரும் அதே பெருமாள்தான். ஊருக்கு வெளியே சூரியகாந்தி வயல் ஓரமாக ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். உப்பு ஒரு கல் கம்மி, மற்றபடி புளியோதரை ரொம்ப நன்றாக இருந்தது. உப்பு கம்மிங்கறத எழுதாதே.

இரண்டாவது, மிருகக்காட்சி சாலை. கரடி தூங்கிக்கொண்டிருந்தது, நான் அதன் சுபாவத்தைப் பற்றி அந்தப் பெண்ணுக்குப் பத்து நிமிஷம் விளக்கினேன், அது கரடி இல்லை, தீனி வைத்திருந்த கோணிப்பை என்று அவள் எழுதியிருக்கிறாள். எழுதட்டும். அப்படியானால் கரடி எங்கே இருந்தது? கோணிப்பைக்குப் பின்னால் இருந்தது. பின்னால் இருப்பதையும் சேர்த்துப் பார்க்கிறவனுக்குக் கண் கோளாறா? மூன்றாவது, அரண்மனை விளக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விளக்குப் போட்டதும் நான்தான் முதலில் ஆஹா என்றேன். உனக்கு வேண்டுமானால் சொல்கிறேன், மற்றவர்களுக்கு ஒரு பல்பு தெரிகிற இடத்தில் எனக்கு நாலு தெரிகிறது, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம் வேறு. கண் கெட்டுப்போனவனுக்குக் குறைவாகத் தெரியுமா, கூடுதலாகத் தெரியுமா? முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்த கண் இது. விட்டுப்போன ஒரு புள்ளியை ஒன்பதாவது பக்கத்தில் பிடித்ததற்காக மானேஜரே என் மேஜைக்கு வந்து கைகுலுக்கியிருக்கிறார்.

எல்லாவற்றையும் விடு. நீ ஆகஸ்டில் அனுப்பின கவரில் குழந்தை போட்டோ வந்ததே, அதைவிடச் சாட்சி வேண்டுமா. அம்மா கடிதத்தைப் பிரித்து வாசிக்க ஆரம்பிப்பதற்குள் நான் போட்டோவை எடுத்துப் பார்த்துவிட்டேன். நீலக் கவுன் குழந்தைக்கு ரொம்ப எடுப்பாக இருக்கிறது, கண் இரண்டும் பெரிசு பெரிசாக, பளிச்சென்று. பல்லவி கோபித்துக்கொள்ளக் கூடாது, அந்த மூக்கு நம் பக்கத்து மூக்கு, என்னுடைய மூக்கு. போட்டோவை மூக்குக்கண்ணாடிக் கூட்டிலேயே வைத்திருக்கிறேன். ஆட்டோக்காரன் பசவராஜிடம் காட்டினேன், “தாத்தன மூகே, ஸ்வாமி” என்று அவனும் ஒப்புக்கொண்டான். இவ்வளவு துல்லியமாகப் பார்க்கிறவனுக்கு எதற்கு ஆபரேஷன்? எனக்குப் பயம் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். அப்படியெல்லாம் கிடையாது. என்னோடு வேலை பார்த்தவர் ஒருத்தர் பண்ணிக்கொண்டார், அதற்கப்புறம் அவர் பேப்பர் படித்து நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான். பூமா, பயம்ங்கற வார்த்தைய அடிச்சுடு. அடிச்சுட்டயா? சரி.

ஆகையால் நவம்பரில் வர வேண்டாம். டிக்கெட்டை ரத்து பண்ணிவிடு, கைக்குழந்தையோடு அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. எங்களைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டாம். நவராத்திரிக்குப் பொம்மையெல்லாம் பரணிலிருந்து இறக்கியாயிற்று, நானே எடுத்து அடுக்கினேன், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது.

எழுதி முடித்ததும் கடிதத்தை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை ப்ரூஃப் பார்த்துவிட்டேன். ஒரு பிழை கிடையாது, நான் வேண்டாமென்று சொன்னது எதுவும் இதில் இல்லை. உங்கள் மூன்று பேருக்கும் செல்லப்பிள்ளை நீண்ட ஆயுளும், எதையும் தப்பாக எடுத்துக்கொள்ளாத மனசும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு உன் அப்பா,
செலுவநாராயணன்

பின்குறிப்பு: ஹர்ஷா, இது அம்மா. அப்பா கையெழுத்துப் போட்டாயிற்று, அது காகிதத்தில் பாதியும் என் மேஜைவிரிப்பில் பாதியும் விழுந்திருக்கிறது. இப்போது மரிசெல் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை நடந்துவிட்டு வரப் போயிருக்கிறார், அதற்குள் எழுதுகிறேன். அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எழுதியிருக்கிறேன், பயம் என்ற வார்த்தையையும் நான் அடிக்கவில்லை. அவர் விரலில் நகச்சுற்று எதுவும் இல்லை. ஏழெட்டு மாதமாக அவரால் எழுத முடியவில்லை, ஏரோகிராமெல்லாம் நான் அவர் கையெழுத்து மாதிரி எழுதினது, இந்தத் தடவை அப்படி எழுத மாட்டேன் என்றுவிட்டேன், அதனால்தான் நகச்சுற்று. க்ஷேமம் என்று எழுதினதும் நான்தான், அதற்கு என்னைக் கோபித்துக்கொள். ராமர் பட்டாபிஷேகத்தில் எல்லாப் பொம்மையும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது, இன்னும் நான் திருப்பி வைக்கவில்லை.

குண்டலுபேட்டை பஸ்ஸின் போர்டை நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் ஏறினேன். அத்தனை பேர் நடுவில் தப்பு என்று சொல்லியிருந்தால் அவர் அதற்கப்புறம் வீட்டு வாசலைத் தாண்டியிருக்க மாட்டார். இத்தனை வருஷத்துக்கப்புறம் இப்போதுதான் வெளியே வருகிறார். வழி பூராவும் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தது அழுகையை அடக்கத்தான். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, ஹர்ஷா.

இன்னொன்று. ஆகஸ்டில் வந்த கவரில் குழந்தை போட்டோ இல்லை. பல்லவி அவசரத்தில் மாற்றி வைத்துவிட்டாள் போலிருக்கிறது, வந்தது உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் நீலக் கார். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு என் மூக்கு, என் மூக்கு என்று சொன்னபோது நானும் ஆமாம் என்றுவிட்டேன். அன்றிலிருந்து பால்காரருக்கும் வீட்டு வேலைக்கு வரும் மாதம்மாவுக்கும் காட்டிக்கொண்டிருக்கிறார், எல்லோரும் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஆமாம் ஸ்வாமி என்கிறார்கள். மரிசெல்லுக்கும் காட்டினார். கண் உங்களுடையது மாமா, மூக்கும் உங்களுடையது என்றாள். கோணிப்பையை எழுதினவள், குண்டலுபேட்டையை எழுதினவள், இதை மட்டும் எழுதவில்லை, நீ வேண்டுமானால் தேடிப் பார். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

டிக்கெட்டை ரத்து பண்ணாதே. வேறு போட்டோவும் அனுப்பாதே. குழந்தையைக் கொண்டு வா, மூக்கு யாருடையது என்று அவரே பார்த்துச் சொல்லட்டும்.