எதிர்ப்பு சக்தி ரொம்ப அதிகம்

எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்று நான் மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த நம்பிக்கையைப் போக்கியவர் பஷீர் பாய். அதற்காக அவர் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் நுண்ணுயிரியல் மருத்துவர். அதாவது நோயாளியைப் பார்க்காமல், அவருடைய சிறுநீரையும் சளியையும் மட்டும் பார்க்கிற டாக்டர். (பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார், "அப்ப தலைவலின்னா மாத்திரை எழுதித் தர மாட்டியா?" என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டார்.) மயிலாப்பூரில், லஸ் பக்கம் ஒரு பரிசோதனைக்கூடத்தில் எனக்கு ஆராய்ச்சி வேலை. சாதாரண மாத்திரைகளுக்கு அடங்காத கிருமிகள் சிறுநீர்த் தொற்றில் எந்த அளவுக்கு இருக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும்.

செய்முறை எளிதுதான். சிறுநீரில் இருக்கும் கிருமியை ஒரு தட்டில் பரப்பி, மருந்து ஊறிய சின்னச் சின்னக் காகித வில்லைகளை அதன்மேல் வைத்து, ஒரு நாள் வளரவிடுவோம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி வட்டமாகக் காலி இடம் விழும். வேலை செய்யாவிட்டால் கிருமி வில்லையை ஒட்டியே வந்து குடியேறியிருக்கும்.

இந்த ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுத்த குழு ஒரு நிபந்தனை போட்டது. ஒவ்வொரு நோயாளிக்கும் முடிவைத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும். "தமிழ்ல யார் எழுதப்போறா?" என்று எங்கள் சீஃப் மேடம் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். அடையாறில் படித்த பள்ளியில் தமிழ்ப் பேச்சுப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியவள் நான். (கலந்துகொண்டது மூன்று பேர். இதை நான் மேடத்திடம் சொல்லவில்லை.)

இரண்டு நாள் அகராதியோடு உட்கார்ந்து எழுதினேன். 'சென்சிட்டிவ்' என்பதற்கு நான் முதலில் எழுதியது: "இந்த மருந்துக்குக் கிருமி உணர்ச்சிவசப்படும்." எங்கள் டெக்னீஷியன் செல்வி அக்கா அதைப் படித்துவிட்டு, "அழுவுமா மேடம்?" என்று கேட்டார். சரி என்று "மருந்துக்குக் கட்டுப்படும்" என்று மாற்றினேன். அப்படியானால் 'ரெசிஸ்டன்ஸ்' என்பதற்கு "கட்டுப்படாது" என்று போட்டிருக்கலாம். ஆனால் அது எனக்கு ரொம்பச் சாதாரணமாகத் தெரிந்தது. ஆராய்ச்சி என்றால் ஒரு கம்பீரம் வேண்டாமா? "எதிர்ப்பு சக்தி" என்று எழுதி, அதைக் கொட்டை எழுத்தில் வேறு போட்டேன்.

கொரோனா அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கஷாயம், லேகியம், பிஸ்கட், ஏன் சோப்புகூட எதிர்ப்பு சக்தி தரும் என்று ஊரெல்லாம் விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே ஜனங்கள் கடைக்கு ஓடுகிற நேரம். எனக்கு மட்டும் அது உறைக்கவில்லை.

பஷீர் பாய்க்கு அறுபது வயது இருக்கும். மாட வீதிப் பக்கம் ஒரு காம்ப்ளெக்ஸில் பைகளுக்கு ஜிப் மாற்றிக் கொடுக்கிற கடை வைத்திருந்தார். சர்க்கரை உண்டு. பத்து நாளாகச் சிறுநீரில் எரிச்சல். மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. அவருடைய தட்டைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விழுங்குகிற மருந்து ஒன்றுகூட வேலை செய்யவில்லை, ஊசி மருந்தில் மூன்றே மூன்றுதான் மிச்சம். உடனே போன் செய்தேன். பின்னால் பஸ் ஹாரன்கள் அலறிக்கொண்டிருந்தன.

"பாய், உங்க யூரின் ரிப்போர்ட் வந்துடுச்சு. எதிர்ப்பு சக்தி ரொம்ப அதிகமா இருக்கு."

"அப்டியா மேடம்! எவ்ளோ அதிகம்?"

"பதினாலு மருந்து வெச்சுப் பார்த்தோம். பதினொண்ணுக்கு முழு எதிர்ப்பு சக்தி இருக்கு."

"பதினாலுக்குப் பதினொண்ணா?"

"ஆமா பாய். நான் இதுவரைக்கும் பார்த்ததுலயே இதுதான் அதிகம்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் பாய்.

நான் நெகிழ்ந்துபோனேன். நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் அவர்கள் இறைவனுக்கு நன்றி சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இத்தனை பெரிய கெட்ட செய்தியை இப்படி ஏற்றுக்கொள்கிறாரே, நாமெல்லாம் ஒரு பல்வலிக்கு எத்தனை புலம்புகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

"தாமதிக்காம உங்க டாக்டர்கிட்ட ரிப்போர்ட்டைக் காட்டுங்க பாய்."

"காட்டாம? அவருக்கு மட்டுமா, எல்லாருக்கும் காட்டறேன் மேடம்!"

மறுநாள் காலை நான் வேலைக்கு வந்தபோது ஊழியர் அறையில் ஒரு கிலோ மைசூர்பாகு இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே பாய் நேரில் வந்து, 'டாக்டரம்மாவுக்கு' என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாராம். நான் ஒன்றைத் தின்றுவிட்டு இரண்டாவதைக் கையில் எடுத்தபோது சீஃப் மேடம் வந்தார்.

"யாரு குடுத்தா?"

"நம்ம ஆராய்ச்சில இருக்கற பேஷன்ட் மேடம். பதினொரு மருந்துக்கு ரெசிஸ்டன்ட். என்ன ஒரு மனப்பக்குவம்!"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ கெட்ட காலம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"பதினொரு மருந்து கேக்காதவர் எதுக்கும்மா ஸ்வீட் வாங்கித் தரார்? அவர்கிட்ட என்னன்னு சொல்லி வெச்சே? தமிழ்ல சொன்னது என்னவோ, அதை அப்படியே சொல்லு."

"உங்களுக்கு... எதிர்ப்பு சக்தி ரொம்ப..." என்று ஆரம்பித்தேன். கையிலிருந்த மைசூர்பாகைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து செல்வி அக்கா கதவைத் திறந்தார்.

"மேடம், வெளிய ஒரே கூட்டமா கீது. அல்லாரும் பாட்டிலோட வந்துகிறாங்க. எதிர்ப்பு சக்தி டெஸ்டு எடுக்கணுமாம்."

போய்ப் பார்த்தேன். பாய் கடை இருக்கும் காம்ப்ளெக்ஸே வரிசையில் நின்றது. ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் பாட்டில், ஒருவர் கையில் குளிர்பான பாட்டில், அதுவும் ஒரு லிட்டர், கழுத்துவரை. முதலில் நின்ற ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"பாய்க்குப் பதினாலுக்குப் பதினொண்ணாமே மேடம்? நமக்கு ஒரு எட்டாவது வராதா?"

"பாய் எங்க?" என்றேன்.

"இன்னிக்கு கடை தொறக்கல மேடம். வீட்ல படுத்துக்கினு கீறாரு. காச்சல், தூக்கித் தூக்கிப் போடுதாம். சக்தி உள்ள வேலை செய்யுது, அதான் சூடாவுதுன்னு போன்ல சொன்னாரு."

சிறுநீர்த் தொற்றோடு குளிர் காய்ச்சல் என்றால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து ரத்தத்தில் கலந்தால், சர்க்கரை உள்ள மனிதருக்கு உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்டவரிடம் நான் பாஸ் மார்க் சொல்வது போல மார்க் சொல்லியிருக்கிறேன். வரிசையில் நின்றவர்களை செல்வி அக்காவிடம் விட்டுவிட்டு, ராயப்பேட்டையில் அவர் வீட்டுக்கு ஸ்கூட்டரில் பறந்தேன்.

மே மாத வெயிலில் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாய் நடுங்கிக்கொண்டிருந்தார். அப்போதும் முகத்தில் ஒரு பெருமை.

"வாங்க டாக்டரம்மா. ஸ்வீட் கெடச்சுதா?"

"பாய், மாத்திரை சாப்பிட்டீங்களா? டாக்டரைப் பார்த்தீங்களா?"

"இவ்ளோ சக்தி இருக்கறப்ப மாத்திரை எதுக்கு? நேத்தே நிறுத்திட்டேன்."

"பாய், சக்தி உங்களுக்கு இல்ல. கிருமிக்கு."

அவர் மனைவி ஷமீம் பீ கையிலிருந்த ஈரத் துணியோடு அப்படியே நின்றார். பாய் கம்பளிக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டினார்.

"அப்ப என் உடம்புல, என்னவிட கிருமிதான் நல்லாருக்குதா?"

"ஆமா பாய்."

"அதுக்கா நான் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக் குடுத்தேன்?"

ஆட்டோ பிடித்து ஆழ்வார்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதற்குள் சீஃப் மேடம் அங்கே பேசிப் படுக்கை ஏற்பாடு செய்து, எந்த ஊசி போட வேண்டும் என்றும் சொல்லிவைத்திருந்தார். ரத்த அழுத்தம் இறங்க ஆரம்பித்திருந்தது. "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கஷ்டமாயிருக்கும்" என்றார் அங்கிருந்த டாக்டர். சர்க்கரையும் எகிறியிருந்தது. (சந்தோஷத்தில் அவரும் நான்கு துண்டு தின்றிருக்கிறார்.)

ஊசி ஏறிக்கொண்டிருந்தது. நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். பயத்தில் பாதி, அவமானத்தில் பாதி. அந்த மனிதருக்கு ஏதாவது ஆகியிருந்தால், கொன்றது கிருமியா என் தமிழா என்று எந்தப் பரிசோதனையிலும் தெரிந்திருக்காது. ஷமீம் பீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னாம்மா நீ? மருந்துக்கு மசியாத கிருமின்னு சொன்னா வேலை முடிஞ்சுது. அதுக்கு எதுக்கு சக்தி கிக்தின்னு?"

அழுகை நின்றுவிட்டது. அகராதியில் இரண்டு நாள் தேடியும் எனக்கு அகப்படாத சொல்! மூன்றாம் நாள் பாய்க்குக் காய்ச்சல் விட்டது, ஏழாம் நாள் வீட்டுக்குப் போனார். நான் அனுமதிக் குழுவுக்கு இரண்டு பக்க விளக்கக் கடிதம் எழுதினேன், சீஃப் மேடம் சொன்னபடி ஆங்கிலத்தில். தமிழ்ப் படிவத்தில் இன்றுவரை "மருந்துக்கு மசியாத கிருமி" என்றுதான் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து அவருக்கு மறுபடியும் பரிசோதனை செய்தோம். தட்டு சுத்தமாக இருந்தது. சந்தோஷம் தாங்காமல் போன் செய்தேன்.

"பாய், எதுவும் வளரல!"

மறுமுனையில் ஜிப் இழுக்கும் சத்தம் நின்றது.

"மேடம்," என்றார் பாய், ரொம்ப ஜாக்கிரதையாக, "மொதல்ல இது நல்லதா கெட்டதான்னு சொல்லிடுங்க. அப்பறம் விஷயத்துக்கு வாங்க."

இதைப் போய் வீட்டில் சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் சட்டம். நான் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் என் கணவர் கையைக் காட்டி நிறுத்தி, "மொதல்ல நல்லதா கெட்டதா?" என்பார். ஒருநாள் குளியலறையிலிருந்து "பாசிட்டிவ்!" என்று நான் கத்தியபோதும் கதவுக்கு வெளியிலிருந்து அதையேதான் கேட்டார். அழுகையும் சிரிப்புமாக, இரண்டு கோடு விழுந்த குச்சியை நீட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

அந்தப் பாசிட்டிவ் இப்போது எல்.கே.ஜி. படிக்கிறது. போன வாரம் பள்ளியிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று, "அம்மா, இது கெட்டது" என்றாள். பிறகுதான், பக்கத்தில் உட்காரும் அஷ்வினைக் கடித்துவிட்டதாகச் சொன்னாள்.