மலைக்குத் தாங்கும் போன்

"இது மலைக்குத் தாங்குமா தம்பி?" என்று போனைத் திருப்பிப் பார்த்தாள் வேலாயி.

றொக்சன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நோர்வூட்டில் கடை திறந்த நாளிலிருந்து போன் உறைகள்தான் விற்றிருந்தன. இன்றைக்கும் ஒரு போன் போகாவிட்டால் கடையை மூடிவிட்டு, கொழும்பில் பழைய முதலாளி முன்னால் போய் நிற்க வேண்டியதுதான்.

"தாராளமா தாங்கும் அக்கா."

"எங்க கொழுந்து பறிக்கிற கேங்குல பன்னெண்டு பேரு. ஒருத்தருக்கும் போன் வருசம் முழுக்க நிக்கிறதில்ல. கல்லுல விழுந்துருது."

பன்னிரண்டு! றொக்சன் பெட்டியைப் பிரித்து, போனை இடுப்பு உயரத்திலிருந்து சிமெந்துத் தரையில் போட்டான். மல்லாக்க விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை.

"கல்லு தரை மாதிரி சப்பையாவா இருக்கும்?"

நியாயமான கேள்வி. சப்பையாக விழுந்தால் அடி போனின் முதுகு முழுவதும் பரவிவிடும். முனையில் விழுந்தால் அத்தனையையும் அந்த ஒரு முனையே வாங்க வேண்டும். இதைக் கையால் விளக்கியவன், முனையிலும் போட்டுக் காட்டினான். கண்ணாடியில் கோடு விழுந்தது.

"மேல் கண்ணாடிதான் அக்கா. உள்ளுக்கு வேலை செய்யுது, பாருங்க."

"தண்ணிக்கு?"

வேலாயியோடு வந்து, வாசலில் தெருவைப் பார்த்தபடி நின்ற அழகம்மா, "ஆமா, அதையும் காட்டச் சொல்லுங்கக்கா" என்றாள்.

கூரையிலிருந்து கொட்டிய மழைத் தண்ணீரில் போனை நீட்டினான். திரை ஒருமுறை சிமிட்டி அணைந்தது.

"வெடிப்பு வழியாத் தண்ணி போயிருச்சு. வெடிப்பு இல்லாட்டிப் போகாது."

அடுத்த பெட்டியைப் பிரித்தான். அதன் திரை நனைந்தும் எரிந்தது.

"பரவாயில்லையே! கொழுந்துச் சாக்கு மேல விழுந்தா? இருவது கிலோ இருக்கும்."

"இருவது என்னக்கா, நான் அறுவத்தஞ்சு!" என்று போனைத் தரையில் வைத்து ஏறி நின்றான். 'படக்' என்றது.

குனிந்து எடுத்தான். "அடியில சின்னக் கல்லு. பாரம் முழுக்க அதுலயே எறங்கிருச்சு."

"மலையிலயும் கல்லுதானே தம்பி" என்றாள் வேலாயி, அனுதாபத்தோடு.

"இன்னொண்ணு காட்டச் சொல்லுங்கக்கா" என்றாள் அழகம்மா, திரும்பாமலே.

றொக்சன் பல்லைக் கடித்தான். கண்ணாடி அலுமாரியைத் திறந்து, நாலு முனையிலும் தடித்த ரப்பர் வைத்த போன் ஒன்றில் சிம்மைப் போட்டு வேலாயி கையிலேயே கொடுத்தான்.

"நீங்களே பாத்துக்குங்க."

வாசல்படி முனையில் எறிந்தாள். தண்ணீரில் முக்கினாள். கல்லின் மேல் வைத்து, குதிகாலால் மிதித்தாள்.

றொக்சன் அந்த நம்பருக்கு அடித்தான். காலடியில் கணீரென்று மணி ஒலித்தது.

"பாத்தீங்களா! நான் சொன்னேன்ல!" பில் புத்தகத்தை விரித்துப் பேனாவைத் திறந்தான். "பன்னெண்டும் இதுலயே போட்டுறவா அக்கா?"

வேலாயி வாசலைப் பார்த்தாள்.

அழகம்மா கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"மழை விட்டிருச்சுக்கா. வாங்க, போவோம்."