சாய்ந்தமருது வரை ஓடிய வயிறு

என் வாழ்நாளில் மொத்தம் ஐந்தே நாட்கள்தான் ஓடியிருக்கிறேன். அந்த ஐந்து நாட்களில் கெட்டுப்போனதைச் சரிசெய்ய இருபது நாட்களுக்கு மேல் ஆனது. அதனால் இப்போது பஸ் புறப்பட்டாலும் நான் ஓடுவதில்லை. அடுத்த பஸ் வரட்டும் என்று நின்றுவிடுவேன்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர் வேலை. கதிரையை விட்டு எழும்பத் தேவையில்லாத உத்தியோகம். தேத்தண்ணியும் பணிசும் மேசைக்கே வரும். இரண்டு வருடத்தில் எனக்கு முன்னால் என் வயிறு கந்தோருக்குள் நுழையத் தொடங்கிவிட்டது.

ஒருநாள் நிந்தவூரிலிருந்து ஒரு டீச்சர், பெரிய வயல்காரரான (எங்கள் பக்கம் போடியார் என்போம்) தன் வாப்பாவின் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று மனுக்கொடுக்க, வாப்பாவின் தங்கையான தன் மாமியோடு வந்தார். நான் நிரப்பிய படிவத்தைக் கையில் வாங்கி, அங்கேயே நின்று வாசித்து, வாய்க்காலின் பெயரில் நான் விட்டிருந்த பிழையைத் தன் பேனையால் திருத்தி என்னிடமே தந்தார். தந்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. கட்டினால் இந்தப் பிழை திருத்தும் பெண்ணைத்தான் கட்டுவது என்று முடிவெடுத்துவிட்டேன்.

ஆனால் எங்கள் பக்கம் ஆண் முடிவெடுத்து எதுவும் ஆவதில்லை. பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். கலியாணம் முடிந்தால் பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிபோக வேண்டும். ஆகவே தட்டிப் பார்க்கப்படும் சரக்கு நாங்கள்தான். தரகர் ஒருவரை உம்மா மெல்லத் தூண்டிவிட்டார். அவர் நிந்தவூர் போய்வந்து சொன்ன பதில் இது.

"வாப்பாக்காரர் போடியார் விருப்பமாத்தான் இரிக்காரு. மாமிதான் ஒரு கதை சொன்னாவாம். மாப்பிள்ளை மேசைக்கு அங்கால இருந்தாராம், வயிறு மேசைக்கு இங்கால இருந்திச்சாம். அடுத்த மாசம் பாக்க வாறாங்களாம்."

(மாமி இன்றைக்கும் நலமாக இருக்கிறார். நாக்கும் அப்படியே இருக்கிறது.)

அடுத்த நாள் அதிகாலை சுபஹுத் தொழுகை முடிந்ததும், மூத்த சகோதரி ராத்தாவின் புருஷனான மச்சானின் கென்வஸ் சப்பாத்தை இரவல் வாங்கி மாட்டினேன். மச்சான் ஆறடி உயரம், தட்டையான வயிறு, ஆனால் என்னைவிடச் சின்னப் பாதம். கல்முனைக்குடிக் கடற்கரையில் சாரனை மடித்துக் கட்டி, சாய்ந்தமருதுப் பக்கமாக ஓடத் தொடங்கினேன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் வளர்ந்த ஆள் ஒருவன் ஓடினால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்கும், எங்கோ ஒரு சாவு. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வலையைப் போட்டுவிட்டு என் பின்னால் ஓடிவந்தார்கள்.

"என்ன கிளாக்கர், ஆருக்கு மௌத்து?"

"ஆருக்கும் இல்ல காக்கா. சும்மா ஓடுறன்."

"சும்மாவா?" என்று, அண்ணன் முறையில் நான் காக்கா என்று அழைத்த அந்த வலைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வையில் பெரிய மௌத்து எனக்குத்தான் என்று தெரிந்தது.

அந்தக் கேள்விக்குப் பயந்து மறுநாள் தார் றோட்டுக்கு மாறினேன். மூன்றாம் நாள் கெண்டைக்கால் கல்லானது. நான்காம் நாள் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பு நெடுக ஒரு வலி வந்தது. காலை ஊன்றினால் யாரோ அரத்தால் எலும்பை ராவுவதுபோல இருக்கும். புத்தி உள்ளவன் அன்றே நிறுத்தியிருப்பான். நானோ இதற்கு ஒரு விஞ்ஞான விளக்கம் கண்டுபிடித்தேன். வயிற்றுக் கொழுப்பு உருகிக் கீழே இறங்குகிறது, போகிற வழியில் கணைக்காலில் தங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஓடினால் பாதத்தால் வெளியேறிவிடும். ஐந்தாம் நாள் அதை வெளியேற்றப் போனவனை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

உம்மா நொச்சி இலை அவித்து ஒத்தடம் பிடித்தார். மச்சான் நற்பிட்டிமுனையிலிருந்து எலும்பு முறிவு பார்க்கும் ஒரு பரியாரியைக் கூட்டிவந்தார். பரியாரி என் கணைக்காலில் பெருவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் முற்றத்துக் கோழிகள் வேலி தாண்டின.

"எலும்பு வெடிச்சிரிக்கி" என்றார்.

"எந்தக் கால்?" என்று மச்சான் கேட்டார்.

பரியாரி மற்றக் காலையும் அழுத்தினார். கோழிகள் இரண்டாம் முறை தாண்டின. "ரெண்டும்."

இரண்டு கால்களிலும் எண்ணெய்ச் சீலை சுற்றி, மூங்கில் சிம்பு வைத்து, முழங்காலிலிருந்து குதிவரை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் நடந்தது நடையல்ல, இரண்டு உலக்கைகளை மாற்றி மாற்றி நட்டு வைக்கும் வேலை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவைத் தவறவிட மனமில்லாமல் மச்சானின் தோளைப் பிடித்துப் பள்ளிவாசலுக்குப் போனேன். மச்சான் முன் வரிசைக்குப் போய்விட்டார். நான் கடைசி வரிசையில், காலை நீட்டி இருந்து தொழுகிற வயசாளிகளுக்கு நடுவில் அமர்ந்தேன். குத்பா பிரசங்கம் தொடங்க இன்னும் நேரமிருந்தது. வெள்ளைத் தொப்பி போட்ட, முகம் தெரியாத ஒரு பெரியவர் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்து, ரகசியமாகக் கேட்டார்.

"மகன், நீர்ப்பாசனக் கந்தோர்ல வேல செய்யிற கிளாக்கர் தம்பி இந்தப் பள்ளிக்குத்தானே வாற? ஆளக் கொஞ்சம் காட்டுங்களன். நான் நிந்தவூர்."

மாப்பிள்ளை தொழுகிறானா, எப்படித் தொழுகிறான் என்று முன்கூட்டியே சத்தமில்லாமல் வந்து பார்ப்பது எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளை பெற்றவர்களின் வழக்கம். போடியார் வந்துவிட்டார். நானோ சிம்பு கட்டிய இரண்டு கால்களை அவருக்கு முன்னால் நீட்டிக்கொண்டு இருக்கிறேன். நான்தான் என்று சொன்னால் அந்த நிமிடமே கதை முடிந்தது. அந்தப் பேனையும் அந்தக் கையும் வேறு யாருக்கோ போய்விடும். பயத்தில் என் கை தானாக எழும்பியது. முன் வரிசையில் சுன்னத்துத் தொழுதுகொண்டிருந்த மச்சானைக் காட்டியது.

"அந்தா, அவருதான்."

போடியார் நெடுநேரம் பார்த்தார். "மாஷா அல்லாஹ். வயிறு வயிறு எண்டாங்க, ஒண்டையும் காணல்லியே." பிறகு என் கால்களைப் பார்த்தார். "ஒங்களுக்கு என்ன மகன் நடந்த?"

"சின்ன வயசிலேயே இப்பிடித்தான்" என்றேன். (ஒரு பொய்க்கு இன்னொன்றைத் துணைக்கு அனுப்பாவிட்டால் எனக்கு மனசு கேட்காது.)

அந்த மனிதர் கலங்கிய கண்களோடு இரண்டு கைகளையும் ஏந்தி எனக்காகத் துஆக் கேட்டார். இந்த இடத்தில், அன்றைய குத்பா பொய் பேசுவதைப் பற்றி இருந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அது ஏழைகளுக்கு ஸகாத் கொடுப்பதைப் பற்றித்தான் இருந்தது.

மாப்பிள்ளையைப் பார்த்த சந்தோசத்தில் அடுத்த மாதம் என்றவர்கள் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார்கள். போடியார், அவர் மனைவி, மாமி. படலையைத் திறந்தது மச்சான். இடுப்பில் கடைசிப் பிள்ளை. போடியார் பாய்ந்து கட்டிப்பிடித்தார்.

"மாப்பிள்ள, சுகமா இரிக்கீங்களா?"

"வாப்பா, ஆரு இவரு?" என்றது இடுப்பிலிருந்த பிள்ளை.

போடியாரின் கை மச்சானின் தோளிலேயே உறைந்துவிட்டது. மாமிதான் விசயத்தைத் தெளிவாக்கினார். "காக்கா, இவரில்ல. அந்தா, கதவுக்குப் பின்னால ஒளிக்கிற வயிறுதான் மாப்பிள்ள."

உலக்கைக் கால்களை ஊன்றி வெளியே வந்தேன். போடியார் என்னை அடையாளம் கண்டார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"நொண்டி எண்டாலும் என்ட புள்ளயத் தந்திருப்பன். பள்ளிக்குள்ள இருந்து பொய் சொன்ன ஆளுக்கு எப்பிடித் தாற?"

ஊற்றி வைத்த சர்பத்தைத் தொடாமலே மூவரும் போனார்கள். அன்று நான் வெட்கத்தைவிட்டு அழுதேன். உம்மா திட்டிக்கொண்டே கட்டைக் கத்தரித்துச் சிம்புகளை எறிந்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போத்திக்கரி ஐயாவிடம் கூட்டிப்போனார்கள். அவர் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லாத்தான் இருக்கு. பழகாத கால். எடுத்த எடுப்பில தார் றோட்டில ஓடினா நோகாமல் என்ன செய்யும்? பேசாமல் இரும்" என்றார். பேசாமல் இருந்தேன். இரண்டு வாரத்தில் வலி போய்விட்டது. மற்ற வலி போகவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் பஸ்ஸில் ஏறாமல் நிந்தவூருக்கு நடந்தேன். சாய்ந்தமருது, காரைதீவு எல்லாம் தாண்டி, வெயிலில் ஐந்தாறு மைல். கால் நல்லது என்று காட்டவும் வேண்டும், கொஞ்சம் தண்டனையும் வேண்டும் என்று பட்டது. போடியார் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"என்னத்துக்கு ஓடினீங்க?"

"வயித்தக் குறைக்க. ஒங்கட மகள முடிக்க ஆசையில."

"எவ்வளவு தூரம்?"

"சாய்ந்தமருது மட்டும்."

"வயிறு குறைஞ்சிச்சா?"

நான் குனிந்து பார்த்தேன். "இல்ல மாமா."

உள் அறையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. பிறகு, படிவம் திருத்திய அந்த டீச்சரின் குரல் வந்தது. "வாப்பா, இந்த முறை உண்மையத்தான் சொல்றாரு."

போடியார் சிரிக்கவில்லை. ஆனால் கதிரை ஒன்றைக் காட்டினார்.

அவர் பழிவாங்கியது நிக்காஹ் அன்றுதான். ஊரே கூடியிருந்த சபையில் பதிவுகாரர் கொப்பியை விரித்து, "மாப்பிள்ளை ஆரு?" என்று கேட்டார். இப்போது எனக்கு மாமாவாகிவிட்ட போடியார் முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் கையை நீட்டி, பந்தல்காலோடு நின்ற மச்சானைக் காட்டினார்.

"அந்தா, அவருதான்."

மாமா மௌத்தாகி வருடங்களாகிவிட்டன. இன்றைக்கும் மச்சான் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால், சட்டியில் கிடக்கும் நல்ல இறைச்சித் துண்டு என் பீங்கான் தட்டுக்கு வராது. என் மனைவி அதை எடுத்து மச்சானுக்கு வைப்பாள். "வாப்பா பாத்துப் புடிச்ச மாப்பிள்ளைக்கு" என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு எலும்பை எடுத்து என் பக்கம் வைத்து, "இது ஓடின மாப்பிள்ளைக்கு" என்பாள்.