குடி பக்கம் சூடு

வேகத்தடையில் ஏறும்போது ஒரு "கடக்". இறங்கும்போது இன்னொரு "கடக்". காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு இறங்கிய ஜெயபிரகாஷ், இடுப்பில் கை வைத்து முன்சக்கரத்தை முறைத்துப் பார்த்தான்.

"நாளைக்கு உங்க ஜி.எம். இதுலயா குந்திக்கினு வரப்போறாரு?" என்றபடி இறங்கினாள் ஷோபா. "ரேணிகுண்டா ஏர்போர்ட்லேந்து ஸ்ரீசிட்டி போறதுக்குள்ள மனுசன் பல்லெல்லாம் ஆடிப்போவும்."

"அதுக்குள்ள சரி பண்ணிடலாம்."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம. எவன் பண்ணுவான்?"

"நான்தான்."

போன மாதம் இதே தொனியில் 'நான்தான்' என்று அவன் சொன்ன பிறகுதான் மிக்ஸி பழைய இரும்புக்காரரிடம் போனது.

ஜெயபிரகாஷுக்குச் சொந்த ஊர் செய்யாறு. ஸ்ரீசிட்டியில் ஏ.சி. பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்துத் திருப்பதிக்குக் குடிவந்து இரண்டு வருடம். இரண்டு வருடமும் இரவு ஷிப்ட். அவன் விடிந்து வீடு திரும்பும் நேரத்தில்தான் ஷோபா மருந்துக்கடை வேலைக்குக் கிளம்புவாள். சாவியை வாங்கிக்கொள்ளும்போது பார்த்துக்கொள்வதுதான் குடும்ப வாழ்க்கை என்றாகிவிட்டது. இப்போது பகல் ஷிப்டுக்கு ஓர் இன்சார்ஜ் பதவி காலியாக இருக்கிறது. தொழிலாளர்களோடு தெலுங்கில் பேசிச் சமாளிக்கிற ஆளாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். புனேயிலிருந்து வரும் புதிய ஜி.எம். ஹரிபிரசாத்துக்குத் தெலுங்கும் தெரியாது, தமிழும் தெரியாது. "சார், நானே என் கார்ல கூட்டிக்கினு வரேன். அவரு பேசறத நானே தெலுங்குல சொல்லிடறேன்" என்று ஜெயபிரகாஷ் முந்திக்கொண்டு கை தூக்கியிருந்தான். அந்தப் பதவி கிடைத்துவிட்டால் வாரம் முழுவதும் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ராத்திரிச் சோறு சாப்பிடலாம். ஷோபா வேறெதையும் கேட்டதில்லை.

அவன் தெலுங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். வந்த புதிதில் ஊருக்குப் போக ரேணிகுண்டா ஸ்டேஷனில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்து, ஒலிபெருக்கி அறிவிப்பைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்ட தெலுங்கு அது. அறிவிப்பில் வராத சொல் வேண்டுமென்றால் தமிழ்ச் சொல்லின் வாலில் ஒரு 'லு' சேர்த்துக்கொள்வான். பேசும்போது ஒரு கம்பீரம் இருக்கும், அதை மறுக்க முடியாது. கேட்பவர்கள் சற்று நேரம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதை மரியாதை என்று அவன் எடுத்துக்கொண்டான்.

மெக்கானிக் ரமணாவுக்குப் போன் போட்டான். சித்தூர்க்காரர் ஒருவரிடம் இந்தப் பழைய காரை வாங்கிய நாளிலிருந்து ரமணாவிடம்தான் சர்வீஸ். கடைப் பலகை முழுக்கத் தெலுங்கு. ஆளும் தெலுங்கில்தான் பேசுவார். ஜெயபிரகாஷிடம் மட்டும் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, சத்தமாகப் பேசுவார்.

எதிர்முனையில் மேளம் பிளந்துகொண்டிருந்தது. ஊர்க்கோயில் திருவிழா, ஜாத்திரை, புத்தூர்ப் பக்கம் இருக்கிறேன் என்பது மட்டும் புரிந்தது.

ஜெயபிரகாஷ் தொண்டையைச் செருமிக்கொண்டான். "தயசேசி வினண்டி. மா பண்டி, முந்து பக்கலு, கடக் சப்தமு. மரி கொத்திசேபட்லோ, ஏர்போர்ட்டுக்கி பயலுதேருனு."

ரயில் புறப்படப்போவதைச் சொல்லும் அதே தோரணையில், கார் சற்று நேரத்தில் ஏர்போர்ட்டுக்குப் புறப்படும் என்று அறிவித்திருந்தான்.

"கடக்கா சார்?" என்றார் ரமணா.

"கடக், கடக்!"

"ஆ! கடக்! அர்த்தமாயிந்தி. குடி பக்கம் லிங்க் ராடு சார். நட்டு லூஸு. பிகிஞ்சண்டி! குடி பக்கம்!"

போனை வைத்துவிட்டு ஜெயபிரகாஷ் மனைவியைப் பார்த்தான். "முடிஞ்சுது. குடி பக்கமாம்."

"குடியா? அவரு குடிச்சிக்கினு கீறாரா?"

"சீ! குடின்னா வீடு. குடியிருக்கோம்னு சொல்லலியா? வூட்டுப் பக்கமா கீற சக்கரம்." கார் நின்ற நிலையில் வீட்டைப் பார்த்திருந்தது இடது சக்கரம்.

"அவரு நம்ம வூட்டயே பாத்ததில்லியே. வண்டி எந்தப் பக்கம் நிக்குதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"அனுபவம், ஷோபா."

ஜாக்கி வைத்து இடது சக்கரத்தைக் கழற்றினான். உள்ளே லிங்க் ராடு இருந்தது. ஒரு முழம் நீளக் கம்பி, முனையில் ரப்பர் புஷ், அதன்மேல் நட்டு. நட்டு இறுக்கமாக, குறை சொல்ல முடியாதபடி இருந்தது. ஸ்பானரை வைத்து அசைத்துப் பார்த்துவிட்டு யோசித்தான்.

"லூஸுன்னு சொன்னாரே. இது டைட்டா கீதே" என்றாள் ஷோபா.

"லூஸ் பண்ணச் சொன்னாரு. அதான் பிகிஞ்சண்டின்னாரே. பிச்சு எடுன்னு அர்த்தம்."

பிடிவாதம் பிடித்த நட்டின்மேல் எண்ணெய் ஸ்பிரேயைத் தாராளமாக அடித்து, முழங்கை வலிக்கத் திருகி, நன்றாகத் தளர்த்தினான். சக்கரத்தை மாட்டித் தெருவில் ஒரு சுற்று ஓட்டினான். முன்பு ஒரு பக்கம் மட்டும் "கடக்" என்ற கார், இப்போது இந்தப் பக்கம் "கடக்", அந்தப் பக்கம் "கொடக்" என்று மாறி மாறிப் பேசியது. வேகத்தடைக்குப் பக்கத்தில் படுத்திருந்த நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போய்விட்டது.

"ரெண்டு பக்கமும் பேசுது. நல்ல அறிகுறி" என்றான் ஜெயபிரகாஷ். "பிரச்சின வெளிய வருது."

மறுபடியும் ரமணா. மறுபடியும் மேளம். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துக்கொண்டு, சக்கரத்தைக் கழற்றியபடியே பேசினான்.

"தயசேசி வினண்டி! நட்டுலு ஓக்கே. கடக் சப்தமு ஆலஸ்யமுகா நடுச்சுசுன்னதி!" ரயில் தாமதமாக ஓடுகிறது என்று ஸ்டேஷனில் சொல்லும் வாக்கியம் அது.

"ஆ? சார், புஷ் சூடு! குடி பக்கம் புஷ் சூடு சார்!"

"புஷ் சூடா?"

"அவுனு சார், சூடு, பாக சூடு!"

ஜெயபிரகாஷின் முகம் தெளிந்தது. "ரப்பரு கெட்டியாயிட்டுக் கீது. சூடு பண்ணா எளகிடும். இது எனக்கு ஏன் தோணல?"

ஷோபாவுக்கு ஒரு சந்தேகம் நெடுநாளாக இருந்தது. "ஏங்க, காய் விக்கிற சந்திரம்மா கூட தெனம் கத்திரிக்காயக் கையில எடுத்துக் காட்டி 'சூடு சூடு'ன்னுதான் சொல்லுது. தொட்டுப் பாத்தா சில்லுன்னு கீது."

"இப்பத்தான் பறிச்சதுன்னு அர்த்தம். சுடச்சுடச் செய்தின்னு நாம சொல்லலியா? பாஷைய மேலோட்டமாப் பாக்கக் கூடாது ஷோபா, உள்ள பூந்து பாக்கணும்."

தரையில் கிடந்த போனில் மேளம் அடித்துக்கொண்டே இருக்க, முதலில் அவளுடைய ஹேர் டிரையரை எடுத்து வந்து காட்டினான். ரப்பர் அசையவில்லை. "பாக சூடு", நல்ல சூடு என்றாரே, இது போதாது என்று பூஜை அலமாரியிலிருந்து கற்பூர டப்பாவையும், சமையலறையிலிருந்து தோசைக் கரண்டியையும் கொண்டுவந்தான். கரண்டியில் கற்பூரத்தைக் குவித்துப் பற்ற வைத்து, புஷ்ஷுக்குக் கீழே பிடித்துக்கொண்டு பக்தியோடு குந்தினான்.

அந்த நேரம் பார்த்து சந்திரம்மா தள்ளுவண்டியோடு வந்தாள். கழற்றிய சக்கரம், எரிகிற கற்பூரம், குனிந்த தலை. வண்டியை நிறுத்தினாள். செருப்பைக் கழற்றினாள். "கோவிந்தா" என்று முணுமுணுத்து, சுடரின் மேல் கைகளைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

"பாரு, ஊருக்கே தெரியுது நான் சரியான வழியில போறது" என்று அவன் சொல்லி முடிக்கவில்லை. தாராளமாக அடித்த எண்ணெய் அதுவரை பொறுமையாக இருந்தது. பிறகு "பப்" என்று பிடித்துக்கொண்டது. புஷ், நட்டு, கம்பி எல்லாம் நீலமும் மஞ்சளுமாக எரிந்தன.

கம்பீரமெல்லாம் ஒரு நொடியில் பறந்தது. "ஐயோ! வண்டி பத்திக்கினு எரியுதே! ஷோபா! தண்ணி, தண்ணி!" என்று தெருவே அதிர அலறினான்.

ஷோபா கொடியில் கைக்குக் கிடைத்த ஈரத்துணியை உருவித் தீயின்மேல் போட்டு அமுக்கினாள். அதன்மேல் ஒரு வாளித் தண்ணீரையும் ஊற்றினாள். தீ அணைந்தது. துணியை எடுத்துப் பார்த்தபோதுதான் அது நாளைக்குப் போட வைத்திருந்த வெள்ளைச் சட்டை என்று தெரிந்தது. தரையில் கிடந்த போன் தண்ணீரில் மூழ்கி, திரை இருண்டு கிடந்தது.

ஷோபா அவன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கையில பட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்றாள். "எனக்கு இன்சார்ஜும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாளைக்கு ஆட்டோவுலயே போங்க."

ஜெயபிரகாஷ் தோசைக் கரண்டியைக் கீழே வைத்தான். சட்டையை விரித்துப் பார்த்தான். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பு. வாழ்நாள் முழுக்க இரவு ஷிப்ட்தான் என்று தோன்ற, ஜாக்கிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. வாசலில் ஒரு பைக் சீறி வந்து நின்றது. நெற்றி நிறைய மஞ்சளும் குங்குமமுமாக, ஜாத்திரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார் ரமணா. பையில் புது லிங்க் ராடு ஒன்றும் ஸ்பானர்களும் இருந்தன.

கருகிய புஷ்ஷைப் பார்த்தார். தோசைக் கரண்டியைப் பார்த்தார். "ஏமி சார் இதி?"

"நுவ்வே செப்பினாவு! சூடு, சூடு!" என்றான் ஜெயபிரகாஷ்.

ரமணா இரண்டு விரலால் தன் கண்களைக் காட்டினார். "சூடு சார்! சூடு!" பிறகு வலது கையை உயர்த்தி, சோறு பிசைவது போல ஆட்டினார். "குடி! குடி!" கடைசியாகக் காற்றிலேயே ஒரு நட்டை முறுக்கி இறுக்கிக் காட்டினார். "பிகிஞ்சு!"

ஷோபா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, சூடுன்னா பாரு. குடின்னா சோத்தாங்கைப் பக்கம். பிகிஞ்சுன்னா டைட் பண்ணு. அந்தச் சந்திரம்மா பாவம், ரெண்டு வருசமா கத்திரிக்காயப் பாரு பாருன்னு சொல்லிக்கினு கீது!"

"இது ராயலசீமா பாஷை, கொஞ்சம் வித்தியாசப்படும்" என்றான் ஜெயபிரகாஷ். ஆனால் குரல் அவ்வளவு உறுதியாக இல்லை.

ரமணா இடது பக்கம் புது ராடை மாட்டினார். வலது சக்கரத்தைக் கழற்றி, அங்கே தளர்ந்திருந்த நட்டை நாலு சுற்று இறுக்கினார். மூன்று பேரும் ஏறிக்கொள்ள, ஜெயபிரகாஷ் வேகத்தடையில் காரை ஏற்றி இறக்கினான். சத்தமே இல்லை. திரும்பி வந்தும் ஒரு முறை ஏற்றி இறக்கினான். கார் பூனை மாதிரி நடந்தது.

வீட்டு வாசலில் இறங்கும்போது அவன் முதுகு பழையபடி நிமிர்ந்துவிட்டது. சட்டைக்கென்ன, நீலச் சட்டை இருக்கிறது. ஷோபா ரமணாவிடம் காபி டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தாள். ரமணாவுக்குப் புரியாதென்ற தைரியத்தில் அவளிடம் தமிழிலேயே பெருமையடித்துக்கொண்டான்.

"பாத்தியா? ஒண்ணு ரெண்டு வார்த்த முன்னபின்ன இருக்கலாம். ஆனா சாமி கும்புடப் போன மனுசன் ஜாத்திரைய உட்டுட்டு புத்தூர்லேந்து இங்க ஓடியாந்தாருன்னா எதுக்கு? என் தெலுங்கு! போன்ல நெலமைய அப்படி எடுத்துச் சொன்னேன். நாளைக்கு ஜி.எம். முன்னாடி பேசறேன் பாரு."

ரமணா காபியை ஊதி ஊதிக் குடித்து முடித்தார். டம்ளரை ஷோபாவிடம் கொடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இல்ல சார்" என்றார். "நீங்க ஆசையா தெலுங்கு பேசறீங்களேன்னுதான் நானும் தெலுங்குலயே பேசிக்கினு இருந்தேன். ஆனா ரெண்டு வருசமா நீங்க பேசறப்ப, எங்கியோ ரயில் வரப்போவுதுன்றது மட்டும்தான் எனக்கு வெளங்கும், இன்னிக்குத்தான் 'ஐயோ, வண்டி பத்திக்கினு எரியுதே'ன்னு நம்ம தமிழ்ல தெளிவா ஒரு வார்த்த சொன்னீங்க, அதான் ஓடியாந்தேன்."