என் லோரிக் கடிதத்தை அச்சிடாததற்கு நன்றி

பிரிக்பீல்ட்ஸ்,
1936, கார்த்திகை 14.

மகாராஜராஜஸ்ரீ பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, ரயில்வே பட்டறையில் இருபத்தேழு வருஷம் ஸ்பிரிங் அடித்து ஓய்வு பெற்று, இப்போது ஒரு லோரிக்குச் சொந்தக்காரனாக இருக்கும் தம்புசாமி அநேக வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் சுகம். தாங்களும், தங்கள் அச்சு யந்திரமும், முக்கியமாகத் தங்கள் மேஜைக்கு அடியிலுள்ள குப்பைக்கூடையும் சுகமாக இருக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

சென்ற மாதம் நான் எழுதிய கடிதம் தங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். லோரிக்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்கு ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்தக்கூடாது என்று சர்க்கார் சட்டம் கொண்டுவரப் போவதாகத் தாங்கள் சேதி போட்டிருந்ததைப் பார்த்து எனக்கு ரத்தம் கொதித்து, எட்டுப் பக்கம் எழுதினேன். கழித்துப்போட்ட கூட்ஸ் வண்டியின் ஸ்பிரிங் பட்டைகளை வாங்கி, பக்கத்துக்கு ஐந்தாக என் லோரியில் நானே மாட்டியிருக்கிறேன் என்றும், ரவாங்கிலிருந்து எவ்வளவு விறகு ஏற்றினாலும் வண்டி குனியாது என்றும், அதில் தளும்பத் தளும்பத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தாலும் ஒரு சொட்டு சிந்தாது, அப்படியே சிந்தினால் அது ஸ்பிரிங்கின் குற்றமல்ல, தெய்வத்தின் செயல் என்றும் அதில் சத்தியம் செய்திருந்தேன். தாங்கள் அதைப் போடவில்லை. தினமும் காலையில் பத்திரிகையைப் புரட்டிவிட்டுத் தங்களை நான் என்னென்ன வைதேன் என்று இங்கே எழுதுவது மரியாதையாகாது. அத்தனைக்கும் மன்னிப்புக் கேட்கவே இந்தக் கடிதம்.

என் மகள் புஷ்பவல்லிக்குக் கிள்ளானில் ஒரு வரன் அமைந்தது. நல்ல குடும்பம், பையனை அவளுக்கும் பிடித்துவிட்டது. முன்னே வந்த மூன்று இடமும் தட்டிப் போனதால், இதுவாவது கூடிவர வேண்டுமே என்று என் சம்சாரம் லெட்சுமி சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். பையனின் தகப்பனார் கன்னையா, லோரிகளைப் பரிசோதிக்கும் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. அது தெரிந்தும், இல்லை, அது தெரிந்ததாலேயே, பூ வைக்க வரும் சம்பந்திமாரை ரயிலில் வரவிடாமல் நானே லோரியில் அழைத்துவரப் போனேன். மனுஷர் ஒருமுறை ஏறி உட்கார்ந்துவிட்டால் சட்டத்தையே கிழித்துப் போடுவார் என்பது என் எண்ணம். பின்னால் நாற்காலிகளைக் கட்டி, ஜமக்காளம் விரித்து, பூ, பழம், தேங்காய், குங்குமத் தட்டுகளோடு அவரையும் அவர் சம்சாரம் பவுனம்மாளையும் உறவுக்காரர் இருவரையும் ஏற்றிக்கொண்டேன். நான் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. விறகு ஏற்றினால் அடங்கிப் போகிற ஸ்பிரிங், நாலு மனுஷரை ஏற்றினால் ஏற்றியதாகவே எண்ணுவதில்லை. வழியெல்லாம் வண்டி குதித்துக்கொண்டு வந்தது, நானோ பின்னால் கேட்ட சத்தத்தைச் சிரிப்பு என்று நினைத்து இன்னும் வேகமாக ஓட்டினேன். பத்து தீகா என்ற ஊரின் ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைக் கண்டதும் அந்த ஸ்பிரிங்குக்குப் பழைய வேலை ஞாபகம் வந்ததோ என்னவோ, ஒரே எழும்பாக எழும்பியது. நிறுத்திப் போய்ப் பார்த்தால் தேங்காய் வாய்க்காலில் கிடக்கிறது, வாழைப்பழச் சீப்பு கன்னையா தோளில் தொங்குகிறது, பூத்தட்டு குப்புறக் கவிழ்ந்திருக்கிறது, குங்குமம் முழுவதும் பவுனம்மாளின் புதுப் பட்டுச் சேலையில். பூத்தட்டு கவிழ்ந்த பிறகு என்ன சம்பந்தம் வேண்டிக் கிடக்கிறது என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். பிரிக்பீல்ட்ஸ் வந்தால் திரும்பிப் போக ரயில் கிடைக்கும் என்கிற ஒரே காரணத்துக்காகத்தான் மீண்டும் லோரியில் ஏறினார்கள்.

வீட்டுக்கு வந்தும் அந்த அம்மாள் வாசற்படி தாண்டவில்லை, காப்பியைத் தொடவில்லை. லெட்சுமி உள்ளே போய் அழ ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் கன்னையா எல்லார் காதிலும் விழும்படி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்புசாமி அண்ணே, தட்டு கவுந்தது சகுனமா, ஸ்பிரிங்கா? இப்படி உடைஞ்சது, விழுந்ததுன்னு மூணு மாசமா என் மேஜையிலே காயிதம் குவியுது. ஸ்பிரிங்னா நான் வீட்டிலே பேசிக்குவேன். சகுனம்னா எனக்குப் பதில் இல்லே. அடிச்ச கை உங்க கை, நீங்கதான் சொல்லணும்."

இருபத்தேழு வருஷத்தில் என் வேலையை நானே குறை சொன்னது கிடையாது. அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து புஷ்பவல்லியின் குரல் கேட்டது: "அப்பா, ஸ்பிரிங்குன்னு சொல்லிடுங்கப்பா."

"ஸ்பிரிங்தான்மா," என்றேன் பவுனம்மாளைப் பார்த்து. "சாமி மேலே ஒரு குத்தமும் இல்லே. எல்லாம் நான் மாட்டின ஸ்பிரிங்."

பவுனம்மாள் லேசில் நம்புகிறவர் அல்ல. ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துத் தெருக்கோடி வரை ஓட்டிக் காட்டச் சொன்னார். காட்டினேன். திரும்பி வந்தபோது தண்ணீர் ஒரு சொட்டு இல்லை, கிண்ணமும் இல்லை. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே படியேறி உள்ளே வந்து, கடையில் புதுப் பூ வாங்கிவரச் சொல்லி, என் பெண்ணுக்குத் தன் கையாலேயே வைத்தார். நான் கொல்லைப்பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஐயா, கன்னையா தங்கள் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிக்கிறவர். சிந்தினால் தெய்வத்தின் செயல் என்று நான் ஊரறியச் சத்தியம் செய்ததைத் தாங்கள் மட்டும் அச்சில் போட்டிருந்தால், என் பெண்ணின் கல்யாணம் அந்த வாய்க்காலில் தேங்காயோடு போயிருக்கும். தாங்கள் செய்த உபகாரத்தை ஏழு பிறவிக்கும் மறவேன். பட்டைகளை அன்று மாலையே கழற்றிவிட்டேன். சர்க்கார் அந்தச் சட்டத்தைத் தாமதமில்லாமல் கொண்டுவர வேண்டும் என்று இதன் மூலம் பகிரங்கமாகக் கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் அச்சுக் கோர்ப்பவர்களுக்கும் சகல மங்களமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
நன்றி மறவாத,
தம்புசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் பவுனம்மாளிடமிருந்து ஆள் வந்தது. தை மாதம் கல்யாணச் சீர் எல்லாம், கட்டில், பீரோ, ஆட்டுக்கல் உட்பட, ஒரே நடையில் வந்து சேர வேண்டுமாம். இரண்டு நடையாக வந்தால் அபசகுனமாம். ஏற்றிப் பார்த்தேன், வண்டி டயரின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. கன்னையாவிடம் யோசனை கேட்டதற்கு, சட்டம் இன்னும் வரவில்லையே என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பட்டைகளை மறுபடி மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஆகையால், முந்தின கடிதத்துக்குச் செய்த உபகாரத்தையே இதற்கும் செய்யும்படி மிகவும் வேண்டிக்கொள்கிறேன்.