அப்புத்துரை பேரில் ஒரு சர்வர்

வீடு மனைவி வள்ளிநாயகி பேரில் இருந்தது. காரும் அவள் பேரில்தான். ஓய்வுபெற்ற கிளார்க் அப்புத்துரை, உலகத்தில் ஒரு சர்வராவது தன் பேரில் இருந்தே தீரவேண்டும் என்று ஒரு சனிக்கிழமை காலை சபதம் எடுத்தார்.

முப்பது வருஷமாகப் பத்திரிகைகளுக்கு எழுதிய வாசகர் கடிதங்களை அவர் ஓர் இலவச வெப்சைட்டில் ஏற்றி வைத்திருந்தார். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு, அச்சேறியவை ஒன்பது. சாக்கடை அடைப்பைப் பற்றி அனல் பறக்க எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, தொப்பை குறைக்கும் மாத்திரை விளம்பரம் மினுக்கிக்கொண்டு நின்றது. மானம் போகிற காரியம்!

மூன்று வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாடகைக்குச் சர்வர் தேடினார். முதல் வருஷம் அடிமாட்டு விலை சொல்லி, இரண்டாம் வருஷம் கழுத்தைப் பிடிக்கிற கம்பெனிகளை ஒதுக்கித் தள்ளினார். கடைசியில் அகப்பட்டது: மாத வாடகை பதினைந்து வெள்ளி, எத்தனை வருஷமானாலும் அதே விலை.

"வள்ளி! ஓடி வா! சிங்கப்பூர்ல எனக்கு ஒரு சர்வர்!"

"அது என்னங்க, ரூம்பு மாதிரியா?"

"அப்படித்தான் வெச்சுக்கயேன். பெரிய கம்ப்யூட்டர்ல தடுப்பு போட்டு, ஆளுக்கு ஒரு பங்கா வாடகைக்கு விடுறான். இந்தப் பங்கு முழுக்க என் பேர்ல."

"அடேங்கப்பா! உங்க கடிதத்தையெல்லாம் வெச்சா நெறைஞ்சிடுமா?"

"ஒரு மூலைகூட நெறையாதுலா!"

"அப்போ மிச்ச எடம் சும்மாதான் கெடக்குமா? பாவமா இருக்கே."

"பத்து வெப்சைட் வைக்கலாம், தெரியுமா? எத்தனை வெச்சாலும் அதே காசுதான்."

"பத்தா! அதுக்கெல்லாம் படிச்ச ஆளு வேணுமே."

"ஆளா? எனக்கு அஞ்சு நிமிஷ வேலை!"

பெருமையோடு காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளக் கையைக் கொண்டுபோனார். சட்டையே போடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

வள்ளிநாயகி பிரிட்ஜ் மேலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து நீட்டினாள். பாகான் டாலாமில் இருக்கும் தர்மினியின் ரவிக்கைக் கடை, அடுத்த வீட்டு சலேஹாவின் பலகாரம், மிதுஷாவின் வீணை வகுப்பு, தண்ணீர்மலைக் கோயில் தண்ணீர்ப்பந்தல் குழு என்று ஒன்பது பேர் வரிசையாக இருந்தார்கள்.

"உங்களோட சேத்து பத்து. சரியா இருக்கா?"

"இதை எப்போ எழுதுன?"

"போன வாரம். பத்து வைக்கலாம், பத்து வைக்கலாம்னு தூக்கத்துல ஒளறுனீங்களே."

அஞ்சு நிமிஷ வேலை இரண்டு மாதம் நடந்தது. யாருக்கு என்ன குறை என்றாலும் வள்ளிநாயகிக்குத்தான் போன் வரும். அவள் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்: "என்னங்க, சலேஹா கேசரிப் படம் தலைகீழா நிக்குதாம்!" அப்புத்துரை நிமிர்த்தி வைப்பார். முணுமுணுத்தாலும், உள்ளுக்குள் அவருக்கு ஒரே பூரிப்பு. ஆபீசில் முப்பத்தோரு வருஷம் இருந்தும், ஒரு நாள்கூட இப்படி ஒன்பது பேர் அவரை நம்பி இருந்ததில்லை. வாசகர் கடிதங்களுக்குப் புது வீடு கிடைத்தது. பத்து சைட்டும் ஒரு நாள்கூடப் படுக்காமல் ஓடின.

தைப்பூசம் வந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தித் தண்ணீர்மலைப் பந்தலுக்குப் போனார். பந்தலில் யாருக்கு எந்த நேரம் வேலை என்பதை எல்லாரும் போனில் அவர் வைத்த சைட்டில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மோர் ஊற்றிக் கொடுத்த பெண்ணின் சட்டையில் 'தர்மினி' என்று எழுதியிருந்தது. அவளை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"சைட்டு நல்லா ஓடுதாம்மா?"

"சும்மா பறக்குது அங்கிள்! வள்ளி அக்கா சர்வராச்சே!"

அப்புத்துரை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அந்தச் சர்வரை யாரு பாத்துக்கிறாருன்னு தெரியுமா?"

"தெரியுமே! அக்கா ஒரு ஆளை வெச்சிருக்காங்க. சம்பளமே கேக்கமாட்டாராம் அங்கிள், மூணு வேளை சோறு போட்டா போதுமாம்!"