ஸ்ட்ரெச்சர் மேடத்துக்கு மூன்று நிமிஷம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளில் ஸ்ட்ரெச்சர் மேடம் படுக்காத கட்டில் கிடையாது. இத்தனைக்கும் அவருக்கு ஒரு தலைவலி வந்துகூட நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரிக்கு லைசென்ஸ் புதுப்பிக்கும் முன் சோதனைக்கு வரும் அதிகாரி அவர். மற்ற அதிகாரிகள் டாக்டர் அறையில் உட்கார்ந்து, இளநீர் குடித்து, ஃபைலைப் புரட்டிவிட்டுப் போவார்கள். இவர் கைப்பையைத் தலைக்கு வைத்து, வார்டில் காலியாக இருக்கும் கட்டிலிலோ ஸ்ட்ரெச்சரிலோ ஏறிப் படுத்துவிடுவார்; அதனால்தான் அந்தப் பெயர். "நின்னுக்கினு பாத்தா தரைதான் தெரியும். நோயாளி பாக்குறது கூரையத்தானே?" என்பார். படுத்தபடியே துருப்பிடித்த ஃபேன் கம்பியைக் கண்டுபிடிப்பார். அழைப்பு மணியை அழுத்திவிட்டு யார் வருகிறார்கள் என்று காத்திருப்பார். விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் யாருமே வரவில்லை. பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருந்த பெண், 'ஐயோ, கேக்க நாதியில்லாத பேஷண்ட்' என்று ஒரு டம்ளர் கஞ்சி கொடுத்தாராம். மேடம் அதைக் குடித்துவிட்டு ரிப்போர்ட்டில் எழுதினார்: 'மணி அடித்தால் நர்ஸ் வருவதில்லை. கஞ்சி வருகிறது.'

நான் எட்டாவதைப் பாதியில் விட்டவன். லாரியில் கிளீனர், அனந்தபுரம் சந்தையில் மூட்டை தூக்குவது, புதுச்சேரியில் பரோட்டாவுக்கு மாவு பிசைவது என்று எங்கேயும் ஆறு மாதம் நிலைத்ததில்லை. கடைசியில் திண்டிவனத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளப் போனேன். மதியச் சோறு நிச்சயம், படுக்க மாடியில் இடம். அதற்கு முன் இரண்டும் சேர்ந்து எனக்குக் கிடைத்ததில்லை.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் டாக்டரும் வளவனூரில் ஆஸ்பத்திரி வைத்திருந்த அவருடைய நண்பரும் சேர்ந்து ஒரே ஒரு தீயணைப்பு சிலிண்டர்தான் வைத்திருந்தார்கள். மேடம் வளவனூரில் பார்த்து முடித்ததும், அங்கே பக்கத்து டீக்கடையில் காத்திருக்கும் எனக்கு போன் வரும். அவர் விழுப்புரத்தில் இறங்கித் தயிர் சாதம் சாப்பிடும் நேரத்தில், நான் சிலிண்டரை பைக்கில் கட்டிக்கொண்டு திண்டிவனம் வந்து ஆணியில் மாட்டிவிடுவேன்.

ஒரு முறை மேடம் வந்ததும் சிலிண்டரைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்த்தார். அங்கே ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. காலையில் வளவனூரில் அவரே ஒட்டியது.

"தம்பி, என் பொட்டு எனக்கு முன்னாடி இங்க எப்பிடி வந்துச்சி?"

"ஒரே கம்பெனி மேடம்... அவங்களே பொட்டு வச்சி அனுப்புறாங்க."

"அப்பிடியா? பாவம், இன்னும் சூடு ஆறல. வெயில்ல வந்திருக்கு" என்று அதைத் தடவிக் கொடுத்தார். பிறகு குரல் மாறியது. "இந்நேரம் வளவனூர்ல தீப்புடிச்சா என்னா பண்ணுவாங்க? கொஞ்சம் பொறுங்க, சிலிண்டரு பைக்ல வந்துக்கினு இருக்குன்னு தீ கிட்ட சொல்வாங்களா?"

மேடம் நேராக மாடிக்குப் போய் என் ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தார்.

"நான் ஆபரேஷன் முடிஞ்ச பேஷண்ட். மயக்கத்துல இருக்கேன். தீப்புடிச்சிடுச்சி. பின்பக்க சரிவு வழியா வெளிய இட்டுக்கினு போ."

"மயக்கத்துல இருக்கறவங்க இவ்ளோ பேசுவாங்களா மேடம்?"

"வாயாடாத. தள்ளு."

தள்ளினேன். அந்தச் சரிவுப்பாதையில்தான் டாக்டரின் நிலத்தில் விளைந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருந்தோம். அதைத் தாண்டி இருந்த கதவில், நாய் வருகிறது என்று சங்கிலி போட்டுப் பூட்டு. சாவி வாட்ச்மேன் முனுசாமி அண்ணன் இடுப்பில். முனுசாமி அண்ணன் டீக்கடையில்.

நான் மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தேன். மேடம் படுத்த வாக்கிலேயே பக்கத்து மூட்டையிலிருந்து ஒரு கை மல்லாட்டை எடுத்து உடைத்துத் தின்றபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு நிமிஷம். பாதி வெந்துட்டேன்."

"தோ மேடம், ரெண்டு மூட்டைதான்."

"ஒம்போது நிமிஷம். செத்துட்டேன். வெள்ளத் துணி கொண்டா."

டாக்டர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். "மேடம், எழுந்திருங்க, பேசிக்கலாம்."

"செத்தவங்க எப்பிடி டாக்டர் எழுந்திருப்பாங்க? மல்லாட்டை நல்லா இருக்கு. ஆனா உங்க ஆஸ்பத்திரியில மூட்டைக்குத்தான் பாதுகாப்பு."

பதினைந்து நாள் தவணை கொடுத்தார். சொந்தமாக சிலிண்டர் வாங்க வேண்டும். அதோடு மூன்று நிமிஷத்துக்குள் அவரைப் படுக்கையோடு வெளியே சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் லைசென்ஸ் இல்லை. அவர் ஜீப் போனதும் டாக்டர் என்னிடம் வந்தார். "நீ மூணு நிமிஷத்துல தள்ளலன்னா இங்க பூட்டுதான். வேற எடம் பாத்துக்க."

வேறு இடம் பார்ப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அந்தத் தடவை போக மனமில்லை.

மூட்டைகள் டாக்டர் வீட்டுக்குப் போயின. சங்கிலியை எடுத்துவிட்டு உள்ளே இருந்தே திறக்கும் தாழ்ப்பாள் வைத்தோம். சக்கரத்துக்கு எண்ணெய் விட்டேன். பதினைந்து நாளும் கையில் கிடைத்தவர்களையெல்லாம் படுக்கவைத்துத் தள்ளினேன். முனுசாமி அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினார்: "டேய் மெதுவாடா! ஜல்தி ஜல்தின்னு என்ன நெஜமாவே மேல அனுப்பிடாத!" நர்ஸ் ரோஸி சிஸ்டர் மட்டும் படுத்தபடி ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தார். நாலாவது நாளிலிருந்து மூன்று நிமிஷம் தாண்டவே இல்லை.

சொன்ன நாளில் உச்சி வெயிலில் மேடம் வந்தார். புது சிலிண்டரில் பொட்டு ஒட்டினார். மாடியில் ஏறிப் படுத்து, கையில் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டச் சொல்லி, மெயின் சுவிட்சையும் அணைக்கச் சொன்னார்.

தள்ளினேன். வார்டு தாண்டியது, கதவு திறந்தது. சரிவின் திருப்பத்தில் பார்த்தால் மேடத்தின் கை ஸ்ட்ரெச்சருக்கு வெளியே தொங்குகிறது. அப்படியே போனால் விரல்கள் சுவரில் நசுங்கும். பின்னாலிருந்து டாக்டர், "போடா, நிக்காதடா!" என்று கத்தினார். நான் நின்றேன். கையை எடுத்து அவர் வயிற்றின்மேல் வைத்து, பாட்டில் குழாயைச் சரிசெய்துவிட்டுத் திரும்பத் தள்ளினேன்.

வெளியே வந்ததும் மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு நிமிஷம் பத்து செகண்டு."

டாக்டர் சுவரில் சாய்ந்துவிட்டார். ரோஸி சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. மாடியில் இருந்த என் துணிப்பை எவ்வளவு கனம் இருக்கும் என்று நான் யோசித்தேன்.

"நீ ஏன்டா நின்ன?" என்று மேடம் கேட்டார்.

"கை அடிபட்டிருக்கும் மேடம்."

"ம். அந்தப் பத்து செகண்டு என் கையோட கணக்கு. கழிச்சிடலாம்." படுத்தபடியே ஃபைலை வயிற்றில் வைத்துக் கையெழுத்துப் போட்டு டாக்டரிடம் நீட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "வாட்ச்மேனுக்கும் தள்ளக் கத்துக்குடு. நீ லீவு போட்டா நோயாளி சாவணுமா?"

பிறகு அவர் இறங்கவில்லை. "காத்தாலேர்ந்து இது நாலாவது ஆஸ்பத்திரி. அஞ்சு நிமிஷம் இப்பிடியே இருக்கேன்" என்றார். அடுத்த நிமிஷம் குறட்டை கேட்டது.

டிரைவர் வந்து, செஞ்சிப் பக்கம் இன்னொரு ஆஸ்பத்திரி இருக்கிறது, நேரமாகிறது, எழுப்பு என்றார். வெயில் மேடத்தின் கால்வரைக்கும் வந்திருந்தது. நான் ஸ்ட்ரெச்சரைச் சத்தம் வராமல் நிழலுக்குள் இழுத்து, சக்கரத்துக்கு பிரேக் போட்டுவிட்டு, ஈ மொய்க்காமல் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டு நின்றேன்.